இன்னுங்கொஞ்சம் மாஸ்டர்

நீச்சல் குளத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆளே கிடையாது. சம்பளச் சீட்டில் ஏதோ ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் நீந்தப் படிக்கிற பிள்ளைகளுக்கும், துண்டும் பையுமாகக் கரையில் காத்துக் கிடக்கிற தாய்மார்களுக்கும் அவர் இன்னுங்கொஞ்சம் மாஸ்டர்.

காரணம் இதுதான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இரண்டு கையையும் நீட்டி, "என்கிட்ட வா, அவ்வளவுதான்" என்பார். குழந்தை சுவரை விட்டுக் கையையும் காலையும் உதைத்துக்கொண்டு வரும். விரல் படப்போகிற சமயத்தில் மாஸ்டர் ஓசைப்படாமல் ஓர் அடி பின்னால் போவார். "இன்னும் கொஞ்சம்." மறுபடி ஓர் அடி. "இன்னும் கொஞ்சந்தான்." கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் தண்ணீர், குழந்தைக்கு எங்கே தெரியப்போகிறது? கடைசியில் வாரித் தூக்கி, தோளைப் பற்றித் திருப்பி, "அந்தச் சுவரைப் பாரு. அங்கேருந்து வந்திருக்கே" என்பார். குழந்தை பார்க்கும். வாயைப் பிளக்கும். அப்புறம் ஒரு கத்து கத்தும் பாருங்கள், அந்தக் கத்தலைக் கேட்கத்தான் மனுஷன் இத்தனை வருஷமாகக் குளோரின் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தார். பொய் சொல்லிக் கற்றுக்கொடுக்கிறோம் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அதனால் யாரும் மூழ்கியதில்லையே என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொள்வார்.

அவர் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்துவதும், காதில் மாட்டும் கம்பியை உறுத்தாமல் வளைத்துக் கொடுப்பதும் அவள் வேலை. கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். "உங்க மூக்கு லேசா இடதுபக்கம் கட்சி மாறுது சார், கண்ணாடியை அதுக்குத் தகுந்த மாதிரி வெச்சுடலாம்" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். கேட்டவர்கள் கோபித்துக்கொண்டதில்லை. அடுத்த கண்ணாடிக்கும் அவளைத்தான் தேடி வருவார்கள்.

ஒரு காய்ச்சல் வந்தது. வீட்டில் இரண்டு பேருக்கும்தான் வந்தது. மாஸ்டருக்கு வந்த சுவடு தெரியாமல் போயிற்று. அவளுக்குக் காய்ச்சல் போன பிறகும் அசதி மட்டும் போகவில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் ராத்திரி முழுக்க மூட்டை தூக்கியவள் மாதிரி எழுந்தாள். தலைக்குக் குளித்தால் அடுத்த நாள் கட்டிலோடு கட்டில். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டெல்லாம் சமர்த்தாக இருந்தது, அவள்தான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அலைந்து அலைந்து கடைசியில் ஒரு டாக்டர், இது நாள்பட்ட சோர்வு நோய், தூங்கினால் தீருகிற களைப்பு இல்லை, இதற்கென்று முழுங்கிக் குணமாகிற மாத்திரையும் இல்லை என்று சொன்னார். கடைக்குப் போவது நின்றது.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "படுத்தே கிடந்தா உடம்பு இப்படித்தான் ஆகும், எழுந்து நடமாடச் சொல்லுங்க" என்றார்கள். மாஸ்டர் அவர்கள் மேல் எரிந்து விழுவார். ஆனால் உள்ளுக்குள்ளே ஒரு மூலையில், வேர்க்க வேர்க்க ஓடியாடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியே வளர்ந்த மனுஷன் ஒருவர் உட்கார்ந்து அவர்கள் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆளை அவர் வெளியே விடவில்லை. ஆனால் துரத்தவும் இல்லை.

டாக்டர் அனுப்பி வீட்டுக்கு ஒரு பிசியோ பெண் வர ஆரம்பித்தாள். சின்ன வயசு, பெரிய பை, அதட்டத் தெரியாத குரல். இந்த நோயாளிகளையே பார்த்துப் பார்த்துப் பழகியவள்.

"அக்கா, இது ஜிம் கணக்கு இல்ல" என்றாள் முதல் நாளே. "வாரா வாரம் ஏத்திக்கிட்டே போற பேச்சே கிடையாது. இன்னும் முடியும்னு தோணும்போதே நிறுத்திடணும். நல்லா இருக்குற நாள்லதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். இன்னிக்கு அதிகமாப் பண்ணினா உடம்பு இன்னிக்கே சண்டைக்கு வராது. ரெண்டு நாள் கழிச்சு, சில சமயம் அதுக்கும் அப்புறம், ஆற அமர வந்து நிக்கும்."

முதலில் படுத்தபடியே பாதத்தை மடக்கி நீட்டுவது. அதைச் செய்தபின் ஓய்வு. அது உடம்புக்கு ஒத்துப்போகிறது என்று தெரிந்த பிறகு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைத் தூக்குவது. மறுபடி ஓய்வு. பொறுமையாகப் பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் அந்தப் பெண் வராந்தாவுக்குச் சம்மதித்தாள். அடுக்குமாடிக் கட்டடத்தின் நீள வராந்தா அது. இவர்கள் வீட்டு வாசலிலிருந்து மின்சார மீட்டர் பெட்டி வரைக்கும் நடந்து, அங்கே உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஓர் அடி கூடாது.

ஒரு சிக்கல் இருந்தது. குழல் விளக்கு வெளிச்சம் அவள் கண்ணைக் குத்தியது. தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுத் தரையைப் பார்த்துத்தான் நடக்க முடிந்தது. தரை முழுக்க ஒரே மாதிரிக் கல். பெட்டி எப்போது வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"நான் பெட்டிகிட்ட ஸ்டூலோட நிக்கிறேன். நீ என் பாதத்தைப் பாத்து வா. பாதம் வந்துச்சுன்னா உக்காந்துடு" என்றார் மாஸ்டர்.

"அதுவும் சரிதான்" என்றாள் பிசியோ பெண். "சார் இதுல கைதேர்ந்தவராச்சே."

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் நின்றார். பெட்டிக்கு நேரே இரண்டு பாதமும் ஒட்டி, சிலை மாதிரி. அவள் வருவாள், உட்காருவாள், மூச்சு வாங்காமல் திரும்புவாள். அப்புறம் ஒரு நாள் அவள் நடையில் ஒரு துடிப்பு இருந்தது. கன்னத்தில் ரத்தம் ஓடியது. அடி மேல் அடி அழகாக விழுந்தது. அதைப் பார்த்ததும் தன் கால் தானாகப் பின்னால் போய்விட்டது என்று பின்னாளில் மாஸ்டர் தனக்குள் சாக்குச் சொல்லிக்கொண்டதுண்டு. கால் தானாகப் போகாது. அவர்தான் போனார். முதுகுக்குப் பின்னால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, ஓசைப்படாமல், ஓர் அடி.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இன்னும் ஓர் அடி. திரும்பும்போது தோளைப் பிடித்துக்கொண்டு, குளத்துக் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தபடியே கூட்டிவருவார், வழி நீண்டது தெரியாமல் இருக்க. இப்படியே மீட்டர் பெட்டியைத் தாண்டி, பக்கத்து வீட்டைத் தாண்டி, மாடிப்படி வரைக்கும் போய்விட்டார்கள். அங்கே வைத்து ஒரு நல்ல நாளில் அவள் தொப்பியைக் கழற்றித் தோளைத் திருப்பி, "நம்ம வாசலைப் பாரு. அங்கேருந்து வந்திருக்கே" என்று சொல்லப்போகிறார். அவள் வாயைப் பிளப்பாள். ஒரு கத்து கத்துவாள். குளிக்கும்போதும் பேருந்தில் போகும்போதும் மாஸ்டர் அந்தக் காட்சியை ஓட்டி ஓட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நல்ல நாள் வரவில்லை. ஒரு காலையில் அவள் சீப்பை எடுத்தாள், அது கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்க முடியவில்லை. மதியத்துக்குள் தலையைத் தூக்க முடியவில்லை. கதவிடுக்கில் வருகிற வெளிச்சம் வலித்தது, பேச்சுச் சத்தம் வலித்தது. மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னலுக்குப் போர்வை கட்டினார். ஸ்பூனில் ஊட்டினார். அவள் விழுங்குவதற்குள் களைத்துப்போய் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிசியோ பெண் வந்து கட்டிலருகே மண்டியிட்டு, காதோடு காதாகக் கேட்டாள். "அக்கா, சொன்னதைத் தாண்டி எதாவது பண்ணினீங்களா? படி ஏறினீங்களா? துணி கிணி துவைச்சீங்களா?"

"இல்லம்மா" என்றாள் அவள். ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் மூச்சு எடுத்துக்கொண்டாள். "பெட்டி வரைக்கும்தான். அவர் பாதம் இருந்த இடம் வரைக்கும்தான். ஒரு நாள்கூட மீறலை."

பிசியோ பெண் நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தாள். "சார்?"

வாய் திறந்தது. உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கட்டிலில் கிடந்தவளின் முகத்தைப் பார்த்தார். "ஆமா. பெட்டி வரைக்கும்தான்" என்றார்.

"அப்ப அந்த தூரமே உங்களுக்கு அதிகம் போல இருக்கு. தப்பு என்னோடது அக்கா. நான்தான் சரியாக் கணிக்கலை. மன்னிச்சிடுங்க" என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவளுக்கே கண் கலங்கிவிட்டது. மாஸ்டர் தண்ணீர் எடுத்து வருகிற சாக்கில் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் மாஸ்டர் ஓடி ஓடி வேலை செய்ததைப் பார்த்திருந்தால் கோவில் கட்டலாம் என்று தோன்றும். தட்டு மோதிச் சத்தம் வரக்கூடாதென்று துண்டை விரித்து அதன்மேல் பாத்திரம் கழுவி வைத்தார். கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார். மெத்தென்ற தலையணையாகத் தேடி வாங்கி வந்தார். அவள் மெல்லத் தேறிப் பேசத் தொடங்கியபோது சொன்ன முதல் முழு வாக்கியமே, "உங்களை மாதிரி யாரு பாத்துப்பாங்க?" என்பதுதான். மாஸ்டருக்கு முள்ளை விழுங்கியது போல் இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

பிசியோ பெண் மறுபடி பாதம் மடக்குவதிலிருந்து தொடங்கலாம் என்றாள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"வேண்டாம்மா. நாலு எட்டு எடுத்து வெச்சா ஏமாத்துற உடம்பு இது. இதை நம்பி இனி ஒண்ணும் பண்ண மாட்டேன்." அப்புறம் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "கடைக்குப் போய் நான் வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. அந்த அம்மா எத்தனை நாள்தான் எனக்காக இடத்தை வெச்சிருப்பாங்க? போன்ல சொன்னா அழுதுடுவேன்."

குணமாகி ஒரு வேளையாவது அந்த மேஜை முன்னால் உட்கார வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பிடிப்பு. அதைத்தான் இப்போது விடுகிறாள். தன் உடம்பு தோற்றுவிட்டது என்று நினைத்து விடுகிறாள். தோற்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

கடைக்காரம்மா அவரைக் கண்டதும் எழுந்து வந்தாள். "வாங்க மாஸ்டர், எப்படி இருக்கா? இங்க பாருங்க, அவளுக்குன்னு வாங்கி வெச்சிருக்கேன்." மேஜைக்குப் பின்னால் முதுகு சாயும் நாற்காலி ஒன்று இருந்தது. கண்ணில் வெளிச்சம் படாதபடி மூடி போட்ட சின்ன விளக்கு ஒன்று. அவளுடைய குறடும் திருப்புளியும் அவள் வைக்கிற வரிசையிலேயே இருந்தன.

மாஸ்டர் அந்த நாற்காலியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். வந்த விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தவர், "இன்னும் கொஞ்சம்... நாள் பொறுத்துக்குங்க" என்றார்.

கடைக்காரம்மா சிரித்துவிட்டாள். "பாத்தீங்களா, பேரைக் காப்பாத்திட்டீங்க! உங்ககிட்ட நீச்சல் படிச்சானே என் பையன், அவன் இப்பவும் சொல்லுவான். நீங்க நகர்றது அவனுக்குப் பாதியிலயே தெரிஞ்சுபோச்சாம். முடியலைன்னா காலை ஊணி நின்னுக்கலாம்னுதான் தைரியமா வந்தானாம்."

கடைக்காரம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. குளத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான். முடியாத பிள்ளை காலை ஊன்றி நின்றுகொள்ளும். வராந்தாவில் மனைவிக்கு ஊன்றி நிற்க இருந்தது இவருடைய வார்த்தை ஒன்றுதான். அதைத்தான் அவள் காலடியிலிருந்து இவர் உருவிவிட்டார். எப்படி விடைபெற்றார், எந்தப் பேருந்தில் ஏறினார் என்று அவருக்கு நினைவில்லை.

வீட்டில் திரை இழுத்துவிட்ட மதிய இருட்டில் அவள் விழித்துத்தான் இருந்தாள். மாஸ்டர் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லலை."

"ஏங்க?"

"நான் நகர்ந்தேன்மா."

அவளுக்குப் புரியவில்லை. "எங்க நகர்ந்தீங்க?"

"வராந்தாவுல. பெட்டிகிட்ட நிக்கலை. நீ நல்லா நடந்து வந்தே. நீ வர வர நான் பின்னால போயிட்டேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமா. கடைசியில மாடிப்படி வரைக்கும் போயிட்டோம். அதனாலதான் நீ விழுந்தே. அந்தப் பொண்ணு கேட்டப்பவும் பொய் சொல்லிட்டேன்."

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "மாடிப்படி வரைக்குமா? நானா?"

ஒரு கணம் அவள் முகம் மலர்ந்தது. கண் அகலமாயிற்று, வாய் லேசாகத் திறந்தது. குளத்தில் சுவரைத் திரும்பிப் பார்க்கிற பிள்ளைகளின் முகம் அது. இத்தனை நாள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த அதே முகத்தை மாஸ்டர் நேரில் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்து போயிற்று.

"அப்ப பெட்டி வரைக்கும் நடந்தது எனக்குச் சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

அவள் தலையைத் திரும்பத் தலையணையில் சாய்த்துக்கொண்டாள். பேசியபோது குரல் உயரவே இல்லை. உயர்த்த அவளிடம் தெம்பு இல்லை.

"இத்தனை நாளா இந்த உடம்பை நான் என்னவெல்லாம் திட்டினேன் தெரியுமா? சனியனேன்னு திட்டினேன். செத்தாவது தொலையேன்னு திட்டினேன். அது பாவம், சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கு. நீங்கதான் காப்பாத்தலை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுச்சு. நீங்க பாத்துக்கிட்டுதானே நின்னீங்க?"

"ஆமா."

"போன் பண்ணுங்க. இப்பவே. என் முன்னாடியே சொல்லுங்க."

சொன்னார். "உங்களைத் திட்டணும் போல இருக்கு சார்" என்றாள் பிசியோ பெண். "அதை அப்புறம் வெச்சுக்கறேன். முதல்ல அக்காவைப் பத்திப் பேசலாம்."

மனைவி நாட்கணக்கில் அவருடன் தேவைக்கு மேல் பேசவில்லை. ஒரு நாள் மட்டும், தலையணையைச் சரிசெய்ய வந்தவரிடம் சொன்னாள். "கோவப்படறதுக்குக்கூட நான் தெம்பை மிச்சம் பிடிக்கணும். இருந்தாலும் உங்களுக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வெச்சிருக்கேன். தீர்ந்துடும்னு நினைக்காதீங்க." கடைக்காரம்மாவிடமும் அவளே போனில் பேசினாள். வர்றேன்னும் சொல்ல மாட்டேன், வரமாட்டேன்னும் சொல்ல மாட்டேன், அவசரம்னா வேற ஆளைப் போட்டுக்குங்க என்றாள். அழவில்லை.

பாதம் மடக்குவதிலிருந்து மறுபடி ஆரம்பமாயிற்று. பிசியோ பெண் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். "விழுந்து எழுந்த உடம்பு அக்கா இது. முன்னால பெட்டி வரைக்கும் முடிஞ்சதுன்னு இப்பவும் முடியும்னு சொல்ல முடியாது. அந்த இடத்துக்குத் திரும்பி வருவோமான்னு எனக்கே தெரியாது. உடம்பு என்ன சொல்லுதோ அதைக் கேட்டுக்கிட்டே போவோம்." இதைச் சொல்லும்போது அவள் மாஸ்டரைப் பார்க்கவில்லை. மாஸ்டரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி வரைக்குமாவது நடந்துகொண்டிருந்தவளின் அந்தக் கொஞ்ச தூரத்தையும் இவர் தின்று தீர்த்துவிட்டார். திருப்பிக் கொடுக்க இவரிடம் என்ன இருக்கிறது?

வராந்தாவுக்கு அவள் மறுபடி வர வெகு காலம் பிடித்தது. இந்த முறை பெட்டி இருந்த தூரத்தில் பாதிகூட இல்லை, எதிர்வீட்டுக் கதவு வரைக்கும்தான். "நிக்க வேண்டாம். உக்காருங்க" என்றாள் அவரிடம். ஸ்டூலைப் போட்டு, அதன் நாலு காலைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் போடச் சொன்னாள். மாஸ்டர் குனிந்து போட்டார். அவள் குனிய முடியாது என்பதால் நின்றபடியே பார்த்துச் சரிபார்த்தாள். தினமும் நடக்குமுன் முதலில் வட்டத்தைப் பார்ப்பாள், அப்புறம்தான் வாசலுக்குப் போய்த் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

அன்றைக்கு அவள் நடையில் அந்தப் பழைய துடிப்பு வந்திருந்தது. கன்னத்தில் ரத்தம் ஓடியது. மாஸ்டர் ஸ்டூல் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு கல் தாண்டினால் அவர் பாதம். அவள் நின்றுவிட்டாள்.

"போதும்" என்றாள்.

பாதம் வரும் முன்பே நின்ற ஒருவரை மாஸ்டர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. "இன்னும் கொ..." என்பது பல் வரைக்கும் வந்துவிட்டது. மென்று விழுங்கினார். அப்புறம் எழுந்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்து அவளிடம் போய், அவளுக்குப் பின்னால் அதைப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். இன்னும் தெம்பு மிச்சம் இருந்தது, அவள் முகத்திலேயே தெரிந்தது. அந்த மிச்சத்தைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாள்.

தொப்பிக்குக் கீழிருந்து அவள் அவரைத் தாண்டித் தரையைப் பார்த்தாள். நாலு வெள்ளை வட்டம் காலியாகக் கிடந்தது.

"நாளைக்கும் அங்கேயேதான் போடணும்."

"அங்கேயேதான் போடறேன்மா."

"உங்களை நம்பி வரலை" என்றாள். "சாக்பீஸை நம்பித்தான் வர்றேன்."

"சரிம்மா" என்றார் மாஸ்டர். ஒரு வட்டத்தை அவர் செருப்பு மிதித்து அழித்திருந்தது. பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, மண்டியிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அதே இடத்தில் திருப்பிப் போட்டார்.